வீட்டுத் தோட்டத்துத் தண்ணீரும் மாதக் கட்டணமும்: கொழிஞ்சாம்பாறைப் பகுதி வீட்டாருக்கான கேள்வி பதில்கள்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கங்களில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் கோடை தொடங்கியதும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வீட்டைச் சுற்றி நாலைந்து தென்னை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, கொஞ்சம் காய்கறிப் பாத்தி, வாசலில் பூச்செடிகள் என்று வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேரளத்தில் இருந்துகொண்டு தண்ணீருக்கு இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். கேரளத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 3000 மில்லிமீட்டர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த எண் நம் ஊருக்குப் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மேற்கிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், எல்லையோரப் பஞ்சாயத்துகளுக்கு அந்தச் சராசரியில் பாதிகூட வருவதில்லை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று, மலையாளிகள் விருச்சிகக் காற்று என்று சொல்வது, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு.

ஆற்றுத் தண்ணீரும் அளந்து கிடைப்பதுதான். 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்காக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும். அதை நம்பித்தான் வயல்களும் தோப்புகளும் இருக்கின்றன. நிலத்தடி நீரைப் பொறுத்தவரை, மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில், மழை ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படும் பகுதி என்று குறிக்கப்பட்ட வட்டாரம் நம் சித்தூர். இவ்வளவும் தெரிந்த பிறகு, வாசல் செடிக்கு விடும் தண்ணீரை அளக்காமல் இருப்பதற்கு நமக்கு நியாயம் இல்லை என்பதே என் எண்ணம்.

தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விட்டால் கட்டணம் உண்மையில் எவ்வளவு கூடும்?

கூடும் அளவு நீங்கள் நினைப்பதைவிட அதிகம். காரணம் படிநிலைக் கட்டணம். 2023 பிப்ரவரியில் வாட்டர் அத்தாரிட்டி லிட்டருக்கு ஒரு பைசா, அதாவது ஆயிரம் லிட்டருக்கு 10 ரூபாய் உயர்த்தியது. அந்தப் பட்டியலின்படி மாதம் 10,000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 14.41 ரூபாய். அதற்கு மேல் 15,000 வரை, கூடுதலான தண்ணீருக்கு மட்டும் 15.51 ரூபாய். பதினைந்தாயிரத்தைத் தாண்டியதும் கணக்கே மாறிவிடுகிறது: 15,000 முதல் 20,000 லிட்டர் வரை செலவழித்தால் முதல் லிட்டரிலிருந்தே ஆயிரத்துக்கு 16.62 ரூபாய், 20,000 முதல் 25,000 வரை என்றால் மொத்தத்துக்கும் 17.72 ரூபாய். படி ஏற ஏற விகிதமும் ஏறுகிறது. 50,000 லிட்டருக்கு மேல் போகும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 54.10 ரூபாய்.

ஓர் எடுத்துக்காட்டு. வீட்டுக்குள் மாதம் 12,000 லிட்டர் செலவழிக்கும் குடும்பம் சுமார் 175 ரூபாய் செலுத்தும். வாசலில் 50 சதுர மீட்டர் புல்தரை போட்டு, ஹோஸ் பிடித்து, தேவைக்கு மேல் தண்ணீரை விட்டால், மாதம் 12,600 லிட்டர் அதற்கே போகும். மொத்தம் 24,600 லிட்டர். கட்டணம் சுமார் 436 ரூபாய். செலவான தண்ணீர் இரண்டு மடங்கு, கட்டணமோ ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அதில் உள்ள அளவைப் பாதியாக்கி எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பதினைந்தாயிரத்தை ஒட்டி நிற்பவர்கள் தோட்டத்தில் தினமும் நாலைந்து குடம் குறைத்தாலே கீழ்ப்படிக்கு வந்துவிடலாம்.

குழாயில் தண்ணீர் வராத வாரங்களில் லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளில் இந்தக் கணக்கெல்லாம் மிகச் சிறியதாகிவிடும். விலை கொடுத்து வாங்கிய தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எங்கள் வீட்டில் போர் இருக்கிறது. தண்ணீருக்குத்தான் காசு இல்லையே?

தண்ணீருக்கு இல்லை, மின்சாரத்துக்கு உண்டு. 300 அடியிலிருந்து ஆயிரம் லிட்டர் தண்ணீரை மேலே ஏற்ற, மோட்டாரிலும் குழாயிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால், சுமார் 0.6 யூனிட் செலவாகும். நீர்மட்டம் 600 அடிக்கு இறங்கினால் அதே ஆயிரம் லிட்டருக்கு இரண்டு பங்கு. கேரளத்தில் வீட்டு மின்கட்டணமும் படிநிலைதான்: மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விகிதம் போடப்படும். மின்விசிறியும் குளிர்பெட்டியும் ஓயாமல் ஓடும் ஏப்ரல் மாதத்தில், வீட்டை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவது பல நேரம் தோட்டத்து மோட்டார்தான்.

செடிக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று படிக்காதவர்களும் கணக்கிட முடியுமா?

முடியும். ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். நம் ஊர்க் கோடையில் மண்ணும் செடியும் சேர்ந்து நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் வாக்கில் ஆவியாக இழக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்கு ஆக 60 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தில் நான்கு குடம்.

இப்போது உங்கள் ஹோஸை 20 லிட்டர் வாளியில் விட்டு, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் அந்தப் பாத்திக்கு மூன்று நிமிடம் போதும். நாம் நிற்பதோ இருபது நிமிடம். மீதி 340 லிட்டர் வேருக்குக் கீழே இறங்கியோ வாசலில் ஓடியோ வீணாகிறது. இந்த வாளிச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. எந்தக் கருவி வாங்குவதற்கு முன்னும் இதைச் செய்யுங்கள்.

தென்னைக்குத் தனிக் கணக்கு. வட்டப்பாத்தியில் விடுவதாக இருந்தால் மரத்துக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை 200 லிட்டர் என்பது வேளாண் துறையினர் சொல்லும் அளவு. சொட்டுநீரில் அதே மரத்துக்கு நாளொன்றுக்கு 32 லிட்டர் போதும் என்பது காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. ஐந்து மரம் உள்ள வீட்டில் இந்த ஒரு மாற்றத்தால் மாதம் 2,700 லிட்டர் மிச்சம்.

தினமும் தண்ணீர் விட்டும் செடி வாடுகிறதே?

இதற்குப் பதிலாக நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் விடுவார். ஒரு மாசி மாதத்தில் அவருடைய தென்னங்கன்றின் அடியோலைகள் காயத் தொடங்கின. "ஏனுங்க தம்பி, பெத்த பிள்ளையாட்டம் பார்க்கறேன், இது ஏன் இப்படிக் காயுது?" என்று கேட்டார். அவர் அப்போதுதான் தண்ணீர் விட்டு முடித்திருந்தார். மண் கறுத்துப் பளபளவென்று இருந்தது. கன்றிலிருந்து இரண்டடி தள்ளி மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டினோம். நான்கு விரல் கனத்துக்கு மட்டுமே ஈரம். அதற்குக் கீழே மண் மாவாக உதிர்ந்தது. கையில் எடுத்தால் சூடு தெரிந்தது. வேர் இருந்தது அந்தச் சூட்டில்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடும் தண்ணீர் மேல்மண்ணிலேயே நின்று வெயிலுக்குப் போய்விடுகிறது. வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே படர்ந்து, ஒரு நாள் தண்ணீர் தவறினால் வாடிவிடுகிறது. ஆகவே மண்ணின் மேல்நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள்: உருண்டையாக நின்றால் இன்று தண்ணீர் வேண்டாம், உதிர்ந்தால் விட வேண்டும்.

நம் பகுதியில் இரண்டு வகை மண்ணும் உண்டு என்பதால் அண்டை வீட்டார் செய்வதை அப்படியே செய்யவும் கூடாது. கரிசல் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், ஆனால் பல நாள் வைத்திருக்கும். அதற்கு இடைவெளி விட்டு, மெதுவாக, நிறைய விட வேண்டும். சரளை கலந்த செம்மண் உடனே குடித்து உடனே கீழே விட்டுவிடும். அதற்குக் குறைந்த அளவில், குறைந்த இடைவெளியில் விட வேண்டும்.

அந்த அக்கா இப்போது நான்கு நாளைக்கு ஒருமுறைதான் விடுகிறார். வட்டப்பாத்தியில் உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் கீழே பார்க்க அடுக்கி, மேலே காய்ந்த ஓலையை வெட்டிப் பரப்பியிருக்கிறார். கன்று பிழைத்துக்கொண்டது.

மூடாக்கு போட்டால் அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

நிச்சயம் தெரியும். வெறும் மண்ணை வெயிலுக்கும் காற்றுக்கும் காட்டாமல் மூன்று விரல் கனத்துக்குச் சருகு, ஓலைத் துண்டு, தென்னை நார்க்கழிவு, கடலைத் தோல், பனையோலை என்று கிடைப்பதைப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நான்கு விரல் இடம் விடுங்கள். இல்லையென்றால் தண்டு அழுகும். கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் சருகு பறந்துவிடும் என்பார்கள். அதற்காகத்தான் மேலே நாலு உரிமட்டையோ ஓலை மட்டையோ வைப்பது. முற்றத்தைப் பெருக்கிச் சருகைக் கொளுத்தும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எந்த நேரத்தில் விடுவது நல்லது?

விடியற்காலையில். காற்று அடங்கியிருக்கும், மண் குளிர்ந்திருக்கும், குழாயிலும் அழுத்தம் இருக்கும். மாலையில் விடுவது இரண்டாம் பட்சம். இலை இரவெல்லாம் ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும் என்பதால் அடியில் மட்டும் விடுங்கள். நண்பகலில் விட வேண்டாம். பனித்துளி போலத் தூவும் தெளிப்பான்களை நம் ஊர்க் காற்றுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதித் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போகிறது.

வீட்டுக்குச் சொட்டுநீர் போடலாமா? மேல்தொட்டியின் அழுத்தம் போதுமா?

போடலாம், ஆனால் அழுத்தத்தைப் புரிந்துகொண்டு போட வேண்டும். கடையில் கிடைக்கும் சொட்டுவான்களில் 2, 4, 8 லிட்டர் என்று எழுதியிருப்பது, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு வரும் அளவு. அந்த அழுத்தம் கிடைக்கத் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒற்றை மாடி வீட்டின் தொட்டி நான்கு மீட்டரில்தான் இருக்கும். அழுத்தம் பத்தில் நான்கு பங்கானால் 8 லிட்டர்ச் சொட்டுவானில் சுமார் 5 லிட்டர் வரும்.

இது தெரியாமல், முதல் முறை நானே கடைக்காரர் கட்டிக்கொடுத்த தொகுப்பை அப்படியே மாட்டினேன். மரத்துக்கு நான்கு 8 லிட்டர்ச் சொட்டுவான்கள், ஒரு மணி நேரம் விட்டால் 32 லிட்டர் என்ற கணக்கில் விட்டு, மரம் இளைத்த பிறகுதான் ஒவ்வொரு சொட்டுவானின் அடியிலும் ஒரு டம்ளரை வைத்து அளந்தேன். கணக்கு எளிது: தென்னைக்கு அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நான்கு சொட்டுவான்கள், ஒவ்வொன்றும் 5 லிட்டர் என்றால் மணிக்கு 20, ஆக ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் விட வேண்டும். கடைசி மரத்தில் குறைவாக வந்தால் 16 மில்லிமீட்டர்க் குழாயின் நீளம் அதிகம் என்று பொருள். வரிசையை இரண்டாகப் பிரித்து, இரண்டு கேட் வால்வு வைத்து, மாற்றி மாற்றித் திறக்கலாம். வாய்க்கால் முறைக்கு மாற்றாகச் சொட்டுநீருக்குப் பணம் போடத் தயங்குபவர்கள் முதலில் தென்னைக்கு மட்டும் போட்டுப் பார்க்கட்டும். தோட்டத்தில் அதிகம் குடிப்பது அதுதான்.

ஆறே மாதத்தில் சொட்டுவான் அடைத்துக்கொள்கிறதே?

நம் போர்த் தண்ணீர் கடினத் தண்ணீர். தொட்டியின் ஓரத்தில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்புதான் சொட்டுவானின் துளையிலும் படிகிறது. தொட்டியிலிருந்து குழாய் தொடங்கும் இடத்தில் வடிகட்டி கட்டாயம் வேண்டும். வாரம் ஒருமுறை அதன் சல்லடையைக் கழற்றிப் பல்தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் திறந்து, கலங்கல் நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். அடைத்த சொட்டுவான்களைக் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும். ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்காதீர்கள். பிறகு அது அளந்து விடாது. அமிலம் விட்டுக் குழாய் முழுவதையும் சுத்தம் செய்வது பயிற்சி உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

சொட்டுநீர் போட மானியம் கிடைக்குமா?

வீட்டு வாசல் செடிகளுக்கு அல்ல, பயிர் நிலத்துக்கு. ஒவ்வொரு துளியிலும் அதிக விளைச்சல் என்ற மத்தியத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 55 விழுக்காடு, மற்றவர்களுக்கு 45 விழுக்காடு. நம் பக்கம் பலருக்கு வீடு கேரளத்திலும் தோட்டம் கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் இருப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும்: தமிழ்நாட்டில் மாநில அரசின் பங்கும் சேர்ந்து சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் தரப்படுகிறது. நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்; கேரளத்தில் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் பஞ்சாயத்தின் வேளாண் அலுவலகமான கிருஷி பவன்.

மொட்டை மாடியில் பைகளில் காய்கறி வைத்திருக்கிறோம். இரண்டு நாள் ஊருக்குப் போனால் எல்லாம் காய்ந்துவிடுகிறது.

உங்களுக்கு ஏற்றது திரி நனை. கோழிக்கோட்டில் உள்ள நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையம் பரப்பிய எளிய முறை இது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, பைக்கு அடியில் கிடத்திய பி.வி.சி. குழாயிலிருந்து கண்ணாடி நார்த் திரி தண்ணீரை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கிறது. திரியின் ஒரு முனை பையின் அடித்துளை வழியாக மண்ணுக்குள் ஏறியிருக்க வேண்டும். மறுமுனை குழாய்த் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். மண் காய்ந்தால் இழுக்கும், ஈரமாக இருந்தால் நின்றுவிடும். மாடியில் தண்ணீர் வழிந்து பாசி பிடிக்கும் தொல்லையும் இல்லை. நட்டதும் முதல் தடவை மேலிருந்து நன்றாக ஊற்றி மண்ணை நனைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணில் திரி வேலையைத் தொடங்காது. பருத்தித் துணியைத் திரியாக வைத்தவர்களுக்கு அது சீக்கிரம் மக்கிவிட்டது.

புல்தரை வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

ஆசை தவறில்லை, பத்துச் சதுர மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்தில் அரளி, நந்தியாவட்டை, காகிதப்பூ, செம்பருத்தி வையுங்கள். வேர் பிடித்த பிறகு காகிதப்பூவுக்கு அதிகம் தண்ணீர் விட்டால் இலை கொழிக்கும், பூ குறையும்.

குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் விடலாமா?

வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். நம் பாட்டிமார் குளியலறை ஓரத்தில் வாழை வைத்தது அதற்காகத்தான். சோப்புத் தண்ணீரைத் தேக்கி வைக்காமல் அன்றன்றே விட வேண்டும். பச்சையாக உண்ணும் கீரை, வெள்ளரி, மல்லித்தழைக்கு வேண்டாம். கரிசல் மண் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: சலவைத் தூளில் உள்ள சோடியம் களிமண்ணை இறுக்கி, தண்ணீர் இறங்காமல் செய்துவிடும். ஒரே இடத்தில் விடாமல் வாரத்துக்கொரு மரமாக மாற்றுங்கள். சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் தண்ணீரில் உப்பு செறிந்திருப்பதால் அதைத் தரை கழுவ வைத்துக்கொள்வது நல்லது.

எதுவும் அதிகமாக விடவில்லை. ஆனாலும் பில் ஏறுகிறது.

கசிவைத் தேடுங்கள். இரவு படுக்கும் முன் எல்லாக் குழாயையும் அடைத்து, தொட்டி நிறைந்திருக்கும்போது மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, விடிந்ததும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் தண்ணீர் போகிறது. சொட்டும் தோட்டக் குழாயின் அடியில் ஒரு மணி நேரம் பாத்திரம் வைத்து அளந்து, 24ஆல் பெருக்குங்கள். வாசர் மாற்றும் செலவு பெரிதாகத் தெரியாது. கோடையில் மற்ற இடங்கள் காய்ந்து, ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால் அங்கே தோண்டுங்கள்.

அணில் குழாயைக் கடித்துவிடுகிறது. என்ன செய்வது?

அது தாகத்துக்குக் கடிக்கிறது. கறுப்புக் குழாய்க்குள் தண்ணீர் ஓடுவது அதற்குத் தெரிகிறது. பங்குனி வெயிலில் வேறு எங்கும் தண்ணீர் இல்லை. மரத்தடியில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றி வாருங்கள். எங்கள் தோட்டத்தில் சட்டி வைத்த பிறகு கடி மிகவும் குறைந்தது. குழாயை மூடாக்குக்குக் கீழே புதைத்து வைப்பதும் உதவும். கடித்த இடத்தை வெட்டி, இணைப்பான் போட்டால் போதும். குழாய் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

கோடை மழை பெய்தால் எத்தனை நாள் தண்ணீரை நிறுத்தலாம்?

நேரான பக்கம் கொண்ட ஒரு டப்பாவை மதில் மேல் திறந்து வையுங்கள். மழை நின்றதும் உள்ளே ஓர் அளவுகோலை விட்டுப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் நின்றால் காய்கறிப் பாத்திக்கு இரண்டு நாள். 30 மில்லிமீட்டர் என்றால் ஐந்து நாள், சரளை மண்ணில் மூன்றே நாள். புழுதி அடங்கும் அளவுக்கு இரண்டு மில்லிமீட்டர் மட்டும் பெய்திருந்தால், வாசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மறுநாள் காலை வழக்கம்போல விட வேண்டும். டப்பாவில் நிற்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள், கொசு வரும். காற்று தூக்கிப் போகாமல் அடியில் ஒரு கல்லைப் போட்டு வைப்பவர்கள், கல்லை எடுத்துவிட்டு அளக்க மறக்க வேண்டாம்.